சொந்தத் தொழிலும் சொந்த மனமும்

பங்குனி மாதத்தில் விளாத்திகுளம் பக்கம் வருகிறவர்களுக்கு ஊர்ப்பெயர்ப் பலகை தேவையில்லை. களத்தில் காயும் மிளகாய் வற்றலின் நெடியே வரவேற்புக் கூறிவிடும். புதிதாக வந்தவர் இரண்டு தும்மல் தும்மினால், "வெளியூர் போலிருக்கிறது" என்று சொல்லி நம்மவர்கள் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார்கள்.

அத்தகைய ஒரு மாலை வேளையில், நம்மிடம் படித்த மாணவன் ஒருவனுடைய தகப்பனார் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். மானாவாரிக் கரிசலில் மிளகாயும் உளுந்தும் பயிரிடுகிறவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, பையனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். பட்டம் வாங்கி அஞ்சு வருஷமாச்சு. பரீட்சை எழுதிக்கிட்டுத்தான் இருந்தான். இப்போ, 'மிளகாயை மண்டியிலே போட வேண்டாம்ப்பா, நானே அரைச்சுப் பொடியா விக்கப் போறேன்'ங்கிறான். வரிசையிலே நின்னா என்னிக்காவது ஒரு நாள் கூப்பிடத்தானே செய்வாங்க? பாதியிலே எந்திரிச்சு வந்தா எப்படி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்."

"ஒரு வாரம் பொறுங்கள், அண்ணாச்சி, யோசித்துச் சொல்லுகிறோம்" என்று அனுப்பி வைத்தோம். உடனே பதில் சொல்ல முடியாமற் போனதற்குக் காரணம் இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற பிராணி நாம். சொந்தத் தொழிலின் பெருமையை நாம் பேசுவது, கரையில் நின்றுகொண்டு நீச்சல் கற்றுக் கொடுப்பது போலத்தான். அன்றியும், "நன்றாகப் படி, உத்தியோகம் கிடைக்கும்" என்று இருபது வருஷமாக வகுப்பறையில் சொல்லி வந்தவர்களும் நாமேயல்லவா? அந்தப் பையன் ஐந்து வருஷம் வரிசையில் நின்றதில் நமக்கும் பங்கு உண்டு.

வரிசை எவ்வளவு நீளம் என்பதை முதலில் பார்ப்போம். 2024-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் நடந்த நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் அறிவிப்பில் கண்ட இடங்கள் 6,244. பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. கூட்டிய பிறகும் இருநூறு பேருக்கு ஒருவர் வீதங்கூடத் தேறவில்லை. வரிசையில் நிற்பது குற்றமன்று. ஆனால் நின்றுகொண்டே இருந்தால் கூப்பிட்டே தீருவார்கள் என்பது கணக்குத் தெரிந்தவர் பேசும் பேச்சாகாது.

பழைய எஜமானர்கள்

சொந்தத் தொழில் என்பது ஏதோ புதிதாகப் பட்டணத்திலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் சீமையைச் சற்றுக் கண்திறந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. கரிசல் விவசாயி யாரிடமும் சம்பளம் வாங்கினவனல்லன். வேம்பார்ப் பக்கத்தில் பனையேறி, பதநீர் இறக்கி, கருப்புக்கட்டி காய்ச்சியவர்களும் அப்படியே. சம்பளம் என்பதுதான் இங்கே பிற்பாடு வந்த விருந்தாளி.

கரிமூட்டம் போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் நிலத்தைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேல மரத்தை எல்லோரும் சபிக்கிறோம். அந்தச் சாபத்தையே ஜீவனமாக்கிக் கொண்டவர்கள் இத்தாலுகாவில் அநேகர். வெட்டிய விறகை வட்டமாக அடுக்கி, மேலே செத்தையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். அதற்குமேல்தான் வேலை ஆரம்பம். காற்று அதிகமாகப் போனால் விறகு முழுதும் எரிந்து சாம்பல் மிஞ்சும். காற்று போகாவிட்டால் நெருப்பு அணைந்து வேகாத கட்டை மிஞ்சும். மண் பூச்சில் எங்கே வெடிப்புக் காண்கிறது, புகை எந்த நிறத்தில் வருகிறது என்று இரவும் பகலும் பல நாட்கள் சுற்றிச் சுற்றி வரவேண்டும். "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்று மூட்டத்தினிடம் சொல்ல முடியாது. எவ்வளவு விழிப்போ அவ்வளவு கரி.

சொந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் குணம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. வீரம், சாமர்த்தியம், வாக்கு வல்லமை எல்லாம் பின்னால் வரட்டும். மேலதிகாரி ஒருவர் கேளாமலே தன் வேலையைத் தானே மேற்பார்க்கும் குணம் முதலில் வேண்டும். சம்பளக்காரனுக்கு மணி அடிக்க ஒருவர் இருக்கிறார். சொந்தத் தொழில்காரன் தன் மணியைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும்.

மூடிய சிப்பியின் விலை

இரண்டாவது பாடத்துக்குத் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போவோம். முத்துக் குளிப்பு இங்கே கடைசியாக நடந்தது 1961-ஆம் வருஷத்தில். இன்று கடலில் முழுகுகிறவர்கள் சங்குக்காகவே முழுகுகிறார்கள். ஆயினும் பழைய முத்துச் சலாபத்தின் முறைகள் வியாபாரத்தைப் பற்றி யோசிக்கிற எவருக்கும் சுவையானவை.

முழுகுகிறவருக்குக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் ஒரு பங்கே அவருக்கு ஊதியம். 1900-களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் அது மூன்றில் ஒன்றாக இருந்தது. மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை அன்றன்று ஆயிரக் கணக்கில் ஏலம் போட்டு விற்பார்கள். ஏலம் எடுக்கிறவர் திறந்து பார்த்து எடுப்பதில்லை; மூடிய சிப்பியையே வாங்குகிறார். உள்ளே முத்து இருந்தால் லாபம். இல்லாவிட்டால் நாறுகிற சிப்பிக் குவியல் மிச்சம்.

இதைக் கேட்டதும், "வியாபாரம் என்பது சூதாட்டந்தான்" என்று தலையை ஆட்டுகிறவர்கள் இன்னும் ஒரு விஷயத்தையும் கேட்க வேண்டும். எந்தப் பாரிலும் எடுத்த எடுப்பில் சலாபம் நடத்திவிட மாட்டார்கள். முன்னதாகவே ஆட்களை அனுப்பிச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்புப் போடச் செய்து, விலை கட்டுமென்று கண்டால்தான் சலாபத்தை அறிவிப்பார்கள். தெரியாததில் இறங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளக்கூடிய அளவுக்குத் தெரிந்துகொள்வது, அதற்காக ஒரு சிறு செலவைத் தாங்குவது, இதுதான் அதில் உள்ள யுக்தி. துணிச்சலும் ஜாக்கிரதையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் எண்ணட்டும். நம் கடற்கரையில் அவை இரண்டும் ஒரே தோணியில் போய்த் திரும்பியிருக்கின்றன.

இன்னொன்று. முழுகுகிறவர் இடுப்பில் கயிறு உண்டு. தோணியில் அந்தக் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் உண்டு. அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்லுவார்கள்; தங்கை தாலிக்குப் பங்கம் வர அவன் விடமாட்டான் அல்லவா? இந்தக் கயிற்றைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

கல்கத்தா போய் வந்தவர்கள்

விளாத்திகுளத்திலிருந்து மேற்கே கரிசலைக் கடந்து போனால் சிவகாசி. மழை குறைந்த வறண்ட ஊர். 1922-ஆம் வருஷத்தில் அவ்வூரிலிருந்து ஐயநாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்பது அவர்கள் நோக்கம். அக்காலத்தில் நம் அடுப்புகளை எரியவைத்தவை பெரும்பாலும் பிறநாட்டுத் தீக்குச்சிகள். அவற்றின்மீது இறக்குமதி வரி அப்போதுதான் உயர்ந்திருந்தது. காலம் கனிந்திருப்பதைக் கண்டவர்கள் நாட்டில் பலர் இருந்திருக்கலாம். ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர்கள் இவ்விருவரும். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிற்சாலை ஏற்பட்டது. அயல்நாட்டு இயந்திரங்களைத் தருவித்துத் தொடங்கியவர்கள், நம் ஊருக்குக் கைவேலையே சிக்கனம் என்று கண்டபோது முறையை மாற்றிக்கொண்டார்கள். தாம் வாங்கிய இயந்திரத்தின்மீதுள்ள அபிமானத்தால் நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

அந்த நெருப்புச் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவி, வானம் பொய்த்த வருஷங்களிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலை கொதிக்கச் செய்தது. உபாத்தியாயராகிய நாம் இதன் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1980-களில், பள்ளிக்கு வரவேண்டிய குழந்தைகள் விடியற்காலையிலேயே தீப்பெட்டி ஆலைக்குப் போனார்கள். 1986-ஆம் வருஷத்துச் சட்டமும் அதன்பின் நடந்த நெடிய முயற்சிகளும் சேர்ந்துதான் அந்த நிலைமையை மாற்றின. ஒருவர் தம் காலில் நிற்பது பெருமை. அதற்காக மற்றொருவரின் பிஞ்சு விரலை மிதிக்கலாகாது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நேயர்கள் அறிவார்கள். நிலக்கடலையும் வெல்லமுமே அதன் முக்கியச் சரக்கு. இரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாகின் பதம், கடலையின் வறுப்பு, சொன்ன எடை, சொன்ன தரம் ஆகியவற்றைக் குடும்பம் குடும்பமாகக் காத்து வந்தார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோருக்கும் தெரிந்த பொருளைச் செய்தும் பெயர் வாங்கலாம் என்பதற்கு இதைவிட இனிப்பான சாட்சி வேறென்ன?

தோற்றவர்கள்

வென்றவர் கதையை மட்டும் சொல்லி ஒரு பையனைக் கடலில் இறக்குவது பாவம். ஆகையால் தோற்றவர்களையும் நினைத்துக்கொண்டோம். அவர்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்களே.

நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயர் என்பவர் இருந்தார். சமஸ்தானத்தில் மதிப்பான நிலையில் இருந்தவர். கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிகுந்தவர். கரிசலில் விளையும் பருத்திக்கு உள்ளூரிலேயே ஆலை வைத்தார். ஆலை நிலைக்கவில்லை. சொத்தெல்லாம் கரைந்து, மனமும் உடலும் நொந்து 1898-இல் காலமானார். அவருடைய மகனே மகாகவி பாரதியார். தந்தையின் வறுமையை அவர் தமது சுயசரிதைப் பாடலில் துயரத்துடன் நினைவுகூர்ந்திருக்கிறார். சின்னசாமி ஐயரிடம் அறிவு குறைவா, ஊக்கம் குறைவா? இரண்டும் இல்லை.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரமோ யாவரும் அறிந்தது. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள், இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாகச் சொல்லுவார்கள். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் சிறையிலிருந்து மீண்டபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் மளிகை, மண்ணெண்ணெய் போன்ற சில்லறை வியாபாரங்கள் செய்து குடும்பத்தைக் காக்க வேண்டியதாயிற்று.

சிறைவாச காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் தமிழாக்கினார். 1909-இல் அது வெளியாயிற்று. சகலத்தையும் இழந்து செக்கிழுத்த ஒருவர், மனத்தின் ஆற்றலைக் கூறும் நூலைத் தம் மக்களுக்குத் தரவேண்டுமென்று நினைத்தாரே!

இந்நூற்பெயரைக் கொண்டு, "மனம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும்" என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். நமக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. பிள்ளையவர்களைவிட உறுதியான மனம் எவருக்கு வாய்க்கும்? அவருடைய கப்பல் மூழ்காமலே போய்விட்டது. எதிரியிடம் பணமும் அதிகாரமும் மிகுந்திருந்தால், மனவலிமை ஒன்றினால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. பின்னே மனம் எதற்கு? கப்பல் போன பிறகு மனிதன் எஞ்சியிருப்பதற்கு. கப்பலை நடத்தியவர் கடையில் நின்று மண்ணெண்ணெய் அளந்து கொடுக்க வெட்கப்படவில்லை பாருங்கள், அதற்கு வேண்டியிருந்தது அந்த மனம். தொடங்குவதற்கு வேண்டிய தைரியத்தைக் காட்டிலும், ஒரு படி இறங்கி மீண்டும் தொடங்குவதற்கு வேண்டிய தைரியம் பெரிது.

கயிறு பிடிக்கிறவர்கள்

இப்போது தோணிக் கயிற்றுக்கு வருவோம். சொந்தத் தொழில் என்றால் தனியாள் தொழில் என்று அர்த்தமில்லை. நம் தென்பாண்டி வியாபாரிகள் பழங்காலந்தொட்டு மகமை என்று மூட்டைக்கு இவ்வளவு என ஒதுக்கிச் சேர்த்தார்கள். அந்தச் சில்லறையில் பேட்டைகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கி தொடங்கியது. 1962-இல் பெயர் மாறி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று நாடெங்கும் கிளை பரப்பி நிற்கிறது.

பணக்காரர்களுக்கு மட்டுமே கயிறு உண்டு என்று எண்ண வேண்டாம். 1989-இல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், வாரம் சில ரூபாய் சேமித்த பெண்கள், ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று வங்கிக் கதவைத் தட்டினார்கள். 2015-இல் ஏற்பட்ட முத்ராக் கடனில் முதற்படியாக 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் பெறலாம். ஆனால் கடன் என்பது மூட்டத்துக்குள் போகும் காற்றைப் போன்றது. அளவாக இருந்தால் கரி, அதிகமானால் சாம்பல்.

நாம் சொன்ன புத்தி

ஒரு வாரம் கழித்துத் தகப்பனும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். பையன் முகத்தில், "நீங்களுமா ஐயா?" என்ற கேள்வி எழுதி ஒட்டியிருந்தது.

"தம்பி, மிளகாயை எவ்வளவு நாள் காயவைத்தால் அரைக்கும் பதம் வரும்?" என்று கேட்டோம். சொன்னான். "ஈரம் தங்கினால்?" "பூசணம் பிடிக்கும் ஐயா. பொடி கெட்டுப்போகும்." "காம்பு கிள்ளி, சொத்தை பொறுக்கி, அரைத்த பிறகு நூறு கிலோவில் எத்தனை கிலோ பொடி தேறும்?" பையன் விழித்தான். "அரைவைக் கூலி, பை, வண்டிச் சத்தம், உன் கூலி எல்லாம் போட்டால் கிலோவுக்கு அடக்கவிலை என்ன? முதல் பத்து வீடுகள் எவை? இரண்டாம் முறையும் அவர்கள் வாங்குவார்களென்று எப்படித் தெரியும்?" மறுபடியும் விழித்தான்.

தகப்பனார் முகம் மலர்ந்தது, ஜெயித்துவிட்டதாக எண்ணினார். நாம் அவர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, உங்கள் மிளகாய்க்கு மண்டியில் என்ன விலை வைப்பார்கள் என்று கொண்டுபோகும்போது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். "அது எப்படித் தெரியும்? அவங்க சொல்றதுதான் விலை" என்றார். "அதைத்தான் உங்கள் மகன் கேட்கிறான். கேள்வி சரியானது. பதிலைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை."

பிறகு நம் யோசனையைச் சொன்னோம். ஒரு வருஷம் தவணை. பரீட்சையை விட வேண்டாம், காலையில் படிக்கட்டும். நிலத்தையோ நகையையோ தொட வேண்டாம். இரண்டு மூட்டை மிளகாயே மாதிரிச் சிப்பி. உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொண்டு, அரைத்து, பத்து வீட்டுக்கும் நாலு உணவுக்கடைக்கும் கொடுத்துப் பார்க்கட்டும். சாயமோ தவிடோ ஒரு சிட்டிகை சேர்த்தால் அன்றே கடையைக் கட்டிவிட வேண்டும். பைசா விடாமல் கணக்கு எழுத வேண்டும். தன் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். எவ்வளவு நஷ்டம் வரை தாங்கலாம் என்று இன்றே ஒரு தொகையைக் குறித்து, அதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். நின்றால் அது அவமானமாகாது. பாரில் முத்து இல்லையென்று தெரிந்துகொண்டதாகவே அர்த்தம்.

தகப்பனார் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், "ரெண்டு மூட்டை நான் தாரேன். ஆனா சும்மா இல்லே. அன்னிக்கு மண்டியிலே என்ன விலையோ அதைக் கொடுக்கணும்" என்றார்.

"இப்போ கையிலே இல்லையேப்பா."

"கடன்னு எழுதிக்கோ."

பையன் நம் மேஜைமீதிருந்த ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கொடுத்தோம். முதற்பக்கத்தில் தேதி போட்டு, "அப்பாவுக்குக் கொடுக்க வேண்டியது: வற்றல் 2 மூட்டை" என்று எழுதினான். அடுத்த வரியில், "நோட்டு 1, ஐயாவுக்கு" என்றும் எழுதினான். கணக்கு எழுத வரும் என்று அப்போதே நமக்கு நம்பிக்கை பிறந்தது.

தவணை முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அந்தப் பையன் வெல்லுவானா என்று நாம் ஆரூடம் சொல்லப் போவதில்லை. வாரம் ஒருமுறை நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறான். மூன்றாவது வாரத்தில் ஒரு வீட்டார் பொடியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரம் போதவில்லையாம். அந்த நஷ்டத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தான்.

இதை வாசிக்கும் வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள், பெண்கள் இருப்பார்கள். அவர்கள் ஒரு நாள் வந்து, "நானே செய்து பார்க்கிறேன்" என்று சொன்னால், பெரியோர்கள் உடனே தடுக்கவும் வேண்டாம். உடனே நிலத்தை விற்றுக் கொடுக்கவும் வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். மாதிரிக்கு இரண்டு மூட்டை கொடுங்கள். கயிற்றின் மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.